இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்

(பண்டசோழநல்லூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கூட்டுறவுக் கடனைப் பற்றியும் பேசுவோர் இவ்வூருக்கு அடிக்கடி வருவதுண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. எனினும் விதைப்பவன் உடல்நலம் கெட்டால் விதையும் உரமும் யாருக்கு? ஆதலின், இரத்தப் பரிசோதனைத் தாளில் சிறுநீரகத்தைக் குறித்து அச்சிட்டுத் தரும் ஓர் எண்ணைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறோம். அவ்வெண்ணின் பெயர் கிரியேட்டினின். பெயர் வாயில் நுழையவில்லையென்று கவலைப்பட வேண்டா. அதன் பொருள் மனத்தில் நுழைந்தால் போதும்.

நாம் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு சித்திரை மாதத்தில் நாற்பது வயதுடைய விவசாயி ஒருவர், மடியில் மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். அதில் கிரியேட்டினின் 1.6 என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டிருந்தார்கள். அதைப் படித்துச் சொன்ன யாரோ ஒருவர், “கிட்னி போய்விட்டது” என்று கூறிவிட்டாராம். மனிதர் பத்து நாள் உறங்கவில்லை. கறவை மாட்டை விற்க விலை பேசி முடித்துவிட்டார். மகளின் படிப்பை நிறுத்துவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விசாரித்ததில், பரிசோதனைக்கு முந்தின மூன்று நாளும் அவர் கொளுத்தும் வெயிலில் கரும்பு வெட்டியிருக்கிறார் என்பதும், உடல் வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரைகளை வேளைக்கொன்றாக விழுங்கியிருக்கிறார் என்பதும் தெரியவந்தன. மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நீர் அருந்தி ஓய்வெடுக்கச் செய்து, மறுபடி பார்த்தபோது எண் 1.1 ஆக இறங்கியிருந்தது. மாடு கொட்டிலிலேயே நின்றது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. நாற்று நடும் வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த தேகம். அவருடைய தாளில் 1.3 என்றிருந்தது. “ஒன்றுக்கு மேலே கொஞ்சந்தானே” என்று வீட்டார் தாளை ஓலைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கால் வீங்கி, சோறு கண்டால் குமட்டி, மூச்சு வாங்கும் நிலையில் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அப்போது அந்த எண் 6ஐத் தாண்டியிருந்தது. 1.6 கண்டவர் பிழைத்தார்; 1.3 கண்டவர் கெட்டார். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, அந்த எண் யாது என்பதைப் பார்ப்போம். நம் முதுகெலும்பின் இருபுறமும், விலாவின் அடியில், கைப்பிடி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளில் இவ்விரண்டும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதனைத்தையும் திரும்ப இரத்தத்திற்கே சேர்த்துவிடுகின்றன. நம் தசைகள் இயங்குகையில் உண்டாகும் கழிவுப் பொருள்களுள் ஒன்றே கிரியேட்டினின். அது நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகும். சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும்.

இவ்வட்டாரத்தார்க்கு இதை விளக்குவது எளிது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு நீர் வருவதை நீங்கள் அறிவீர்கள். ஏரிக்கு வரும் நீர் நாள்தோறும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். மதகுகள் சரியாயிருந்தால் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்கும். மதகு தூர்ந்து போனால் மட்டம் ஏறும். கரையில் நட்டிருக்கும் அளவுக் கல்லைப் பார்த்து மதகின் நிலையை நாம் ஊகிக்கலாமன்றோ? கிரியேட்டினின் அந்த அளவுக் கல். அது நோயன்று, நோயைக் காட்டும் குறி. அது நஞ்சுமன்று, அதை மட்டும் இறக்கிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்பதுமில்லை. அளவுக் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளம் வடிந்தது என்று சொல்வாருண்டோ? “கிரியேட்டினின் இறக்கும் மருந்து” என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டுப்புறங்களில் இதனை “உப்பு” என்கிறார்கள். “இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது” என்று மருத்துவமனை ஊழியரே சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறுநீரில் புரதம் ஒழுகினால் அதற்கும் “உப்பு” என்றே பெயர். கேட்பவர் என்ன செய்கிறார்? சோற்றில் போடும் உப்பே வினை என்றெண்ணி, உப்பை அடியோடு விட்டுவிட்டு, நோய்க்கு வைத்தியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார். கிரியேட்டினின் சமையல் உப்பன்று. அதற்கும் இதற்கும் உறவில்லை. உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்திற்கு நல்லது. அதன் வழியே சிறுநீரகத்திற்கும் நல்லது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட, உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் உப்பைக் குறைத்ததனால் பரிசோதனையைத் தவிர்க்கலாம் என்பது தவறு. இன்னுமொன்று: சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தீங்கு செய்யும். நன்மையென்று நினைத்து அதை வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தாளில் அச்சிட்ட அளவுக்கு வருவோம். ஆண்களுக்கு 0.7 முதல் 1.3 வரையிலும், பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரையிலும், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், சாதாரண அளவு என்று கொள்வது வழக்கம். பரிசோதனைக் கூடத்திற்குக் கூடம் இது சிறிது மாறும். தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ ‘எச்’ என்னும் எழுத்தோ போடுவார்கள். அந்தக் குறியை இயந்திரம் போடுகிறது. நோயாளியைப் பார்த்து மருத்துவர் போடுவதன்று. நம் கருத்தில், இந்தக் குறி சிலரை வீணே அச்சுறுத்துகிறது. குறி இல்லாமை அதைவிடப் பலரை வீணே உறங்க வைக்கிறது.

எவ்வாறெனில், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடற்கட்டுள்ள இளைஞனுக்குத் தசை மிகுதி; எண் சற்று ஏறியே இருக்கும். மெலிந்த மூதாட்டிக்குத் தசை குறைவு. சிறுநீரகம் தளர்ந்தும் எண் ஏறாதிருக்கும். இதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் வடிக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 2021ஆம் ஆண்டில் திருத்தியமைத்த வாய்பாட்டின்படி நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 25 வயது ஆண் ஒருவருக்கும் 65 வயதுப் பெண் ஒருவருக்கும் தாளில் ஒரே எண், 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைஞருக்கு வடிகட்டும் அளவு ஏறக்குறைய 95, மூதாட்டிக்கோ 56. இருவர் தாளிலும் நட்சத்திரமில்லை. ஆனால் 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். நாற்று நட்ட அம்மையாரின் கதை இப்போது விளங்குகிறதன்றோ? ஆதலின் தாளை வாங்கும்போது, “வடிகட்டும் அளவு எவ்வளவு?” என்று கேளுங்கள். பல கூடங்களில் கிரியேட்டினினுக்கு அடுத்த வரியிலேயே அதையும் அச்சிட்டிருப்பார்கள். இல்லையேல் மருத்துவரே கணக்கிட்டுச் சொல்வார்.

அந்த அளவு 90க்கு மேலிருந்தால் நன்று. 60க்கும் 90க்கும் இடையில் இருந்து, சிறுநீரில் புரத ஒழுக்கு முதலிய வேறு கோளாறும் இல்லையெனில், அதை நோயென்று சொல்வதில்லை. வயது ஏற ஏறச் சிறிது குறைவது இயல்பு. 30க்கும் 60க்கும் இடையில் உள்ளவர்கள் பெரும்பாலும் எந்தத் துன்பமும் உணரார். வேலை செய்வார், உண்பார், உறங்குவார். காப்பாற்றத் தக்க காலமும் அதுவே. 30க்குக் கீழே சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். 15க்குக் கீழே போனால்தான் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பைப் பற்றியும் மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியும் பேச்செழும். டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போகவர நேரமும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்த்தால், நோயாளியோடு குடும்பத்தில் இன்னொருவரின் உழைப்பும் நின்றுபோகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எண் ஏறும் விதத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. வடிகட்டும் சக்தி பாதியாகக் குறையும்போது கிரியேட்டினின் ஏறக்குறைய இரட்டிக்கும். 0.8 ஆக இருந்தது 1.6 ஆனால், “முக்கால்தானே கூடியிருக்கிறது” என்று தோன்றும். உண்மையில் சக்தியில் பாதி போயிற்று. 4 என்பது 5 ஆனால் முழுதாக ஒன்று கூடிவிட்டதே என்று அலறுவார்கள். அங்கே எஞ்சியிருந்த சிறிதிலும் சிறிதளவுதான் குறைந்தது. ஆகவே பழைய தாளில்லாமல் புதிய தாளுக்குப் பொருளில்லை. நிலப் பட்டாவையும் வரி ரசீதையும் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்! அந்தப் பையிலேயே இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேதிவாரியாக வையுங்கள். ஐந்தாண்டுக்கு முன் 1.2, இன்றும் 1.2 என்றால் மருத்துவரின் முகத்தில் ஒரு தெளிவு வரும். சென்ற ஆண்டு 0.8, இன்று 1.2 என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார். எண் இரண்டிடத்தும் ஒன்றே.

ஒருமுறை ஏறிய எண்ணை மீண்டும் பார்த்தே முடிவு கூற வேண்டும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்றுண்டு. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மூவாயிரத்துக்கு மேற்பட்ட வயல் வேலையாட்களைச் சென்னை மருத்துவக் கல்லூரிச் சிறுநீரக மருத்துவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று பரிசோதித்தனர். முதற் பரிசோதனையில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்குக் குறை தென்பட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது நோய் உறுதியானது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்குத்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? வெயில், நீரின்மை, கடும் உழைப்பு ஆகியவற்றால் தற்காலிகமாக ஏறிய எண், பின்னர் இறங்கிவிட்டது. ஆனால் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. அவ்வாறு ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவதே நாளடைவில் நிலையான கேடாக முடியுமோ என்பதுதான் இன்று அறிஞர்களின் ஐயம். உறுதிப்பட்ட அந்த ஐவருள்ளும் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயோ, இரத்தக் கொதிப்போ, தெரிந்த வேறு காரணமோ காணப்படவில்லை என்பது இன்னும் சிந்திக்கத்தக்கது.

இச்செய்தி நமக்கு மிக அண்மையானது. நம் புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்கள், தம்மிடம் வந்த நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோயின் காரணம் புலப்படவில்லை. அவர்களுள் வயல்வேலை செய்வோர் மிகுதியாயிருந்தனர். புதுச்சேரியையும் அதைச் சூழ்ந்த தமிழ்நாட்டு மாவட்டங்களையும் சேர்ந்த இந்நிலப்பகுதியின் பழம்பெயரை வைத்தே அந்நோய்க்குத் தொண்டை மண்டலச் சிறுநீரக நோய் என்று பெயரிட்டனர். தென்பெண்ணையே தொண்டை மண்டலத்தின் தெற்கெல்லை என்பது பழவழக்கு. சோழன் பெயரைத் தாங்கிய இவ்வூர் அந்த ஆற்றுக்கு வடக்கே, அம்மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. பெருமைக்குரிய பெயர் ஒரு நோய்க்கு வாய்த்தது வருத்தந்தான். ஆயினும் பெயர் வைத்தபின்தானே ஒன்றைத் தேடிப் பிடிக்க முடிகிறது!

இத்தகைய நோய் நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்தே இது காணப்பட்டது. ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் தென்னையும் முந்திரியும் வளர்ப்போரிடையே பரவி, 2023ஆம் ஆண்டில் பலாசா நகரில் 200 படுக்கைகளோடு தனி ஆராய்ச்சி மருத்துவமனையே திறக்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து, நிகராகுவா, எல்சல்வடார் நாடுகளின் கரும்பு வெட்டுவோரிடையே இளைஞர் பலர் இதனால் மாண்டனர். காரணம் என்னவென்று கேட்டால், கடும் வெப்பத்தில் நீரின்றி உழைப்பது என்பார் ஒரு சாரார். குடிநீரிலுள்ள தாதுக்கள் என்பார் ஒரு சாரார். பூச்சிமருந்து, களைக்கொல்லி என்பார் வேறு சிலர். இலங்கை அரசு கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை 2015இல் தடை செய்து, பின்னர் அத்தடையை நீக்கியது. முடிந்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை. முடிவு வரும்வரை கைகட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நடு அமெரிக்காவின் கரும்பு ஆலைகள் சிலவற்றில், வெட்டுவோருக்கு நிழல், நீர், இடையிடையே ஓய்வு நேரம் ஆகியவற்றை ஒழுங்கு செய்தார்கள். ஓய்வைக் கூட்டிய பருவங்களில் சிறுநீரகக் கேடு குறைந்தது. காரணம் முழுதும் தெரியாமலேயே பயன் கிடைத்தது.

இந்நோயில் மற்றொரு தந்திரமுண்டு. சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயில் சிறுநீரில் புரதம் ஒழுகும்; நுரைக்கும். இதிலோ புரதம் மிகக் குறைவாகவே ஒழுகும். கால் வீக்கமில்லை, இரத்த அழுத்தம் கூட முதலில் ஏறுவதில்லை. சிறுநீரை மட்டும் பார்த்து “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டால் நோய் தப்பித்துக்கொள்ளும். ஆகவே வெயிலில் உழைப்போர் சிறுநீரோடு இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இப்படிச் சொல்வதனால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பின்னுக்குப் போய்விட்டன என்று யாரும் நினைத்துவிடலாகாது. உலகெங்கும் சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை அவ்விரண்டுமே. அவை உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெல்ல ஏறுவதைப் பற்றிச் சொன்னோம். சில நாளில் திடீரென்று ஏறுவது வேறு, அது அவசரம். கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழக்கக் கூடும். சேற்று வயலில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சலிலும் அவ்வாறே. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வாந்தியும் பேதியும் மிகுந்து நீர் வற்றியவருக்கும் இதே ஆபத்து உண்டு. இத்தகையோருக்கு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பது என்னும் விதி பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உரிய காலத்தில் சென்றால் இவ்வகைக் கேடு பெரும்பாலும் திரும்பச் சீராகும் என்பது ஆறுதல்.

வலி மாத்திரைகளைப் பற்றித் தனியே சொல்லாமல் விடுவதற்கில்லை. நடவும் களையெடுப்பும் கரும்பு வெட்டும் நடக்கும் நாள்களில் மாலைதோறும் எத்தனை பேர் கடையில் நின்று “உடம்பு வலிக்கு இரண்டு கொடு” என்று கேட்கிறார்கள் என்பதை நாமெல்லோரும் அறிவோம். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுபுரூபன் முதலியவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இவற்றை விழுங்குவது, வறண்ட வாய்க்காலுக்குக் குறுக்கே மேலும் ஒரு வரப்புப் போடுவதை ஒக்கும். ஒரு மாத்திரையால் ஒருவன் கெட்டுவிடமாட்டான். நாள்தோறும், ஆண்டுதோறும் எடுப்பதே கெடுக்கும். எண் ஏறியவர் இவற்றைத் தொடவே கூடாது. வலி தாங்காவிடில் மருத்துவர் குறிக்கும் அளவில் பாரசிட்டமால் எடுக்கலாம். வலி ஊசி போடச் சொல்லி மருத்துவரையே வற்புறுத்துவாரும் உண்டு. அந்தப் பழக்கத்தையும் விட வேண்டும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணம், பஸ்பம், லேகியம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதற்கு மாறாக, நிறுத்தக் கூடாத மாத்திரையை நிறுத்துவோரும் இருக்கிறார்கள். எனாலபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற இரத்தக் கொதிப்பு மருந்துகளைத் தொடங்கியவுடன் கிரியேட்டினின் சிறிது ஏறுவதுண்டு. நூற்றுக்கு முப்பது பங்கு வரை ஏறினாலும் மருத்துவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஏனெனில் நாளடைவில் அம்மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது. இது தெரியாமல், “மாத்திரையால்தான் கிட்னி கெட்டது” என்று தாமே நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கொதிப்பு ஏறி வருகிறார்கள். ஆனால் வாந்தி பேதி கண்ட நாள்களில் இம்மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

மறுபரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில சிறு குறிப்புகள். முதல் நாள் கடும் வெயில் வேலையும் பெரிய கறி விருந்தும் வேண்டா; சமைத்த இறைச்சியும் இவ்வெண்ணைச் சிறிது உயர்த்தும். வழக்கம்போல் நீர் அருந்திவிட்டுச் செல்லுங்கள். கூடியவரையில் முன்பு பார்த்த கூடத்திலேயே பாருங்கள். எடுக்கும் மருந்துகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையையும், வேண்டுமெனில் வயிற்று ஸ்கேனையும் மருத்துவர் சொல்வார். சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா, கல்லோ அடைப்போ உண்டா என்பது அதில் தெரியும். முதியவர்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீங்கிச் சிறுநீர் தடைப்பட்டு எண் ஏறுவதும் உண்டு. அதைச் சரிசெய்தால் எண் தானே இறங்கக்கூடும். சொல்ல வெட்கப்பட்டு மறைத்துச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீரைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும்: “நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?” வெயிலில் வேலை செய்யும் நலமுள்ளவர் கால் மணி, இருபது நிமிடத்துக்கொரு முறை ஒரு குவளை அருந்துவது நன்று, தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மோரும் நீராகாரமும் தக்கவை. ஆனால் சிறுநீரகம் ஏற்கனவே மிகவும் தளர்ந்து, கால் வீங்கி, சிறுநீர் குறைந்தவருக்கு அதே நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டும். அவர் அருந்த வேண்டிய அளவை மருத்துவரே குறிப்பார். இளநீரும் அப்படியே. நலமுள்ள உழைப்பாளிக்கு அது அமிழ்தம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு அதிலுள்ள பொட்டாசியமே இதயத்துடிப்பைக் குலைக்கக் கூடும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது அன்பினால் இளநீர் சீவிக் கொடுப்பது நம் வழக்கம். அவர் குடிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் தனியே சில வார்த்தைகள். ஏரி தூர்வாருதல், வாய்க்கால் வெட்டுதல் போன்ற பொதுவேலைகளைக் கோடையில் விடியலில் தொடங்கி முற்பகலிலேயே முடிக்க ஏற்பாடு செய்வது உங்களால் இயலும். வேலையிடத்தில் ஒரு கீற்றுப் பந்தலும், நல்ல நீர் நிரம்பிய பானைகளும், ஓய்வு நேரத்தை மணியடித்து அறிவிக்க ஒருவரும் இருந்தால் போதும். பெண்கள் பலர் ஒதுங்க இடமில்லாமையால் பகல் முழுதும் நீரே அருந்துவதில்லை என்பதை ஆண் உறுப்பினர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மறைப்புள்ள கழிப்பிடம் ஒன்று அமைப்பதும் சிறுநீரகத்தைக் காக்கும் வேலையே. குடிநீர்க் கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதிக்கக் கேளுங்கள். பரிசோதனை முடிவைக் கொம்யூன் அலுவலகத்து அலமாரியில் பூட்டாமல் ஊர் அறிய ஒட்டுங்கள். அடுத்து, வயல்வேலைக்குச் செல்லும் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கும் முகாமொன்றைக் கரும்பு வெட்டு முடிந்து சில வாரம் கழித்து நடத்தும்படி நெட்டப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்கலாம். வெட்டு நடக்கும்போதே நடத்தினால், முன்சொன்ன பதினேழு பேரைப் போல வீண் அச்சம் மிகும். முகாமோடு விட்டுவிடாமல், எண் ஏறியவர்கள் மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சென்றார்களா என்று பார்ப்பதற்கும் ஒருவரை நியமியுங்கள். யாருக்கு ஏறியது என்பதை மட்டும் தேநீர்க் கடையில் பேசாதீர்கள்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோகும் என்றஞ்சியே சோதனைக்கு வராதவர் பலர்.

எண் ஏறியது உறுதியானால் வேலையை விட்டுவிட வேண்டுமா என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் சற்று முன் கேட்டார். தொடக்க நிலையில் வேண்டியதில்லை. வெயிலின் உச்சி நேரத்தை விட்டு, காலையும் மாலையும் வேலை செய்யலாம். கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலையை விட வேண்டும். வேறு நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், சாயமேற்றி எடுக்கும் ஸ்கேனுக்குப் போனாலும், “எனக்குக் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது” என்று முதலிலேயே சொல்ல வேண்டும். இவ்வாறு நடந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் டயாலிசிஸ் இன்றி வாழ்ந்து, பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

சிலர் தாள்களைக் கையில் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். வீட்டில் பெட்டியில் இருந்தால் இப்போதே ஆளனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய தாள், புதிய தாள் இரண்டும் வரட்டும். விளக்கு வைக்கும் வரை நாம் இவ்விடத்திலேயே இருக்கிறோம். ஒவ்வொருவராக வாருங்கள்; வயதையும் எடுக்கும் மாத்திரைகளையும் மறவாமல் சொல்லுங்கள்.